வெப்ராளம்

பஸ் திருவட்டாறு தாண்டியதும் வந்துவிட்டது:
கேஸை அடைத்தேனா?
அடைத்தேன். அடைத்த கை இதுதான்,
விரலில் மீன்புளி மணம் இன்னும் இருக்கிறது.
மணத்துக்குக் குமிழைப் பற்றி என்ன தெரியும்.

குலசேகரம் வரை ரப்பர் மரங்கள்,
மழைக்கு இடுப்பில் பிளாஸ்டிக் கட்டி நிற்பவை.
எண்ணிக்கொண்டிருந்தால் அடங்கும் என்று
மார்த்தாண்டத்து டாக்டர் சொல்லியிருந்தார்.
பதினேழு வரை மரமாகத்தான் இருந்தது.
பதினெட்டில் நீலத் தீயும்
அதன்மேல் கரிகிற மீன்சட்டியும்.

என்ன பயம் என்று அவர் கேட்டார்.
பயத்துக்கென்றால் ஒரு பெயர் சொல்லலாம், கடன், பாம்பு, புற்று.
இதற்கு அப்படி ஒன்றுமில்லை.
சீட்டில் அவர் இங்கிலீஷில் எழுதினார்.
எங்கள் பக்கத்தில் வெப்ராளம் என்போம்.
வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் இந்த மாவட்டத்துக்கு;
எனக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று,
மேகமே இல்லாமல்.

கூட்டுறவுச் சங்கத்தில் இரண்டாம் ஜன்னல் என்னுடையது.
நகை எடை.
மூச்சு பட்டாலே எண் ஆடும் என்று
தராசுக்குக் கண்ணாடிக் கூடு செய்து வைத்திருக்கிறார்கள்.
எனக்கு அப்படி ஒன்று செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

பத்தே முக்காலுக்கு ஒரு செயின்.
ஏழு புள்ளி ஆறு நான்கு பூஜ்யம்.
பேனாவை எடுத்துப் பேரேட்டைத் திறப்பதற்குள்
எண்ணைக் காணோம்.
படித்தது நான்தான். படித்த இடத்தில்
மீன்சட்டி இருந்தது.
மறுபடி வைத்தேன். ஆறு நான்கா, நான்கு ஆறா?
மறுபடி.

"எடை கொறையுதா மக்கா?"
ஜன்னலுக்கு வெளியே ஒரு முகம், நகக்கண்ணில்
உலர்ந்த ரப்பர் பால்.
"கொறைஞ்சா சொல்லிருங்கோ.
மகளுக்க நர்சிங் பீஸு நாளைக்குக் கெட்டணும்."

குறையவில்லை என்று ஒரு வார்த்தை.
அதைச் சொல்லவேண்டிய வாயால்
"செத்த சும்மா நிக்கியளா?" என்று குரைத்தேன்.
பக்கத்து மேஜையில் ரெஜிலா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.
இருபத்திரண்டு வருடத்தில்
ஜன்னலுக்கு வெளியே நான் குரல் உயர்த்தியதில்லை.

அவள் கைக்குட்டையை முடிந்தாள், அவிழ்த்தாள், முடிந்தாள்.
உள்ளே ஒன்றும் இல்லை.
காலையில் பஸ்ஸில் என் முந்தானையை
நான் செய்துகொண்டு வந்தது அதுதான்.

பணம் வாங்கி
கேட்டுக்குப் பக்கத்தில் நின்று எண்ணினாள்.
உதடு அசைவதில் தெரிந்தது, மூன்றாம் தடவை.
நான்தான் கொடுத்தனுப்பினேன்.
ரசீதில் அதற்குக் கட்டமில்லை.

மதியம் வரை தொடக்கூடாது என்று
போனுக்கு மூன்று சுற்று ரப்பர் பேண்ட் போட்டு
டிராயருக்குள் வைத்திருந்தேன்.
பதினொன்றரைக்கு ரப்பர் பேண்ட் என் மணிக்கட்டில் இருந்தது.
"ஜன்னல் வழியா மோந்து பாத்தாச்சு, மணம் ஒண்ணும் இல்ல"
என்றாள் பக்கத்து வீட்டு லில்லிபாய்,
இந்த மாதத்தில் நான்காவது முறையாக, அதே பொறுமையுடன்.
பொறுமையில் ஒரு சிறிய கீறல் கேட்டதோ?
அதை யோசித்துக்கொண்டே
ரெஜிலாவின் ஏத்தங்காய் சிப்ஸைத் தின்றிருக்கிறேன்.
பொட்டலத்தின் அடியில் உப்பை விரல் துழாவியபோதுதான்
எனக்கே தெரிந்தது.

ஒரு மணிக்கு ஆட்டோ. போகவர நானூறு ரூபாய்.
குமிழ் அடைந்திருந்தது.
பார்த்தேன், தொட்டேன்,
தொட்டதை நம்பாமல் போட்டோ எடுத்தேன்.
சட்டியில் மீன் குளிர்ந்துபோய் என்னைப் பார்த்தது.
சாப்பிட நேரமில்லை.

சாயங்காலம் திரும்புகிற பஸ்ஸில் கம்பியோரம்.
மழை தூறத் தொடங்கியதும் ஷட்டரை இறக்கினார்கள்.
இருட்டில் போட்டோவைத் திறந்தேன்.
அடைந்துதான் இருக்கிறது. நல்லது.
அடுப்புக்கு இந்தப்புறம்
தோல் உரித்த மரச்சீனி ஒரு துண்டு.

இன்றைக்கு நான்
மரச்சீனி வாங்கவில்லை.